சென்னை என்று காட்டிய வரி

அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். அவள் ஜவ்வாது மலைக்காரி. வீட்டில் சாமை விதைப்பார்கள், நாலைந்து புளியமரம் உண்டு. அவள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் பெண் அவள். நான் படவேட்டுக்காரி, அப்பாவுக்குக் கரும்புச் சாகுபடி. படிப்பு முடிந்ததும் மலையில் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கவனிக்கும் ஓர் அறக்கட்டளையில் அவள் சேர்ந்துவிட்டாள். மலைமேல் உள்ள ஒரு சிறிய மருத்துவ நிலையத்தில், டேப்லெட் கணினியில் விவரங்களை ஏற்றும் பதிவு வேலை. நான் ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்தேன். ஒருநாள் போன் செய்தாள்.

"எங்க ஆபீசுல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு வேணுமாம். சந்தவாசல்லதான். வர்றியாடி?"

"எனக்கு அவ்ளோ தெரியாதேடி."

"அங்க இருக்கறவங்களுக்கு அதுகூட தெரியாது. வா."

அப்படித்தான் சேர்ந்தேன். ஊழியர்கள் நாற்பது பேருக்கும் இணையத்தில் கணக்கு உண்டு. அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்த கம்பெனி எப்போதோ போய்விட்டிருந்தது. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். ஒருவர் உள்ளே நுழைய வேண்டுமானால் முதலில் பாஸ்வேர்டு போட வேண்டும். உடனே திரையில் இரண்டு இலக்க எண் ஒன்று வரும். அதே நேரத்தில் அவருடைய கைபேசியிலும் ஒரு கட்டம் எழும்பும். அந்த எண்ணை அந்தக் கட்டத்தில் அழுத்தினால்தான் கதவு திறக்கும். ஒரு நிமிடத்துக்குள் அழுத்தாவிட்டால் தோல்வி. பாஸ்வேர்டை எவனாவது திருடினாலும் கைபேசி நம் கையில்தானே இருக்கிறது என்பதுதான் அதன் தைரியம்.

ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி பதிவாகும். யார், எத்தனை மணிக்கு, எந்த இணைய முகவரியிலிருந்து, எந்த ஊரிலிருந்து, நுழைந்தாரா இல்லையா, நுழையவில்லை என்றால் ஏன் என்று எல்லாம் அதில் இருக்கும். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக நான் அதைத் திறந்து பார்ப்பேன். அலுவலகத்தில் வேறு யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது என்று இப்போது சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது வருடம் ஒரு பிரச்சினை வந்தது. மலையூர்களில் கர்ப்பிணிப் பெண்களின் வீடுகளுக்கு யார் யாரோ போன் செய்ய ஆரம்பித்தார்கள். ஸ்கேன் எடுக்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், குழந்தைக்குப் பால்மாவு வாங்குங்கள் என்று அழைப்புகள். பெண்ணின் பெயர், எத்தனையாவது மாதம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பெண்ணின் கணவர் பஸ் பிடித்து அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "எம் பொண்டாட்டிக்கு எத்தினி மாசம்னு எவனோ சொல்றான். உங்களாண்டதான பேர் குடுத்தோம்?" என்று கேட்டார். 

மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"நம்ம கர்ப்பிணிங்க லிஸ்ட்டு எப்டி வெளிய போச்சுன்னு பாருங்க. யார்கிட்டயும் பேச வேணாம். பாத்துட்டு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

பார்த்தேன். ஒரு மாதத்து வரிகளை இறக்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் பெயருக்கு எதிரில், சந்தேகமான நுழைவுக்கு அமைப்பு தானே போடும் சிவப்புக் குறி இருந்தது. ஒரு தேதியில் காலை பத்து நாற்பதுக்கு வேலூர் என்று ஒரு வரி. அது சரிதான், மலை நிலையத்தின் இணைய இணைப்பு எப்போதும் வேலூர் என்றுதான் காட்டும். அடுத்த வரி பதினொன்று பன்னிரண்டுக்கு. ஊர் சென்னை. பாஸ்வேர்டு சரி, கைபேசியில் பதில் இல்லை, தோல்வி. பதினொன்று பதினான்குக்கு மறுபடியும் சென்னை, மறுபடியும் தோல்வி. பதினொன்று பத்தொன்பதுக்குச் சென்னை, எண் அழுத்தப்பட்டது, வெற்றி. அதற்குப் பிறகு கர்ப்பிணிகள் பட்டியல் திறக்கப்பட்டிருந்தது.

அரை மணி நேரத்தில் யாரும் மலையிலிருந்து சென்னைக்குப் போக முடியாது. சென்னையில் இருந்த யாரிடமோ அவளுடைய பாஸ்வேர்டு இருந்திருக்கிறது, அவர் முயன்றிருக்கிறார், அவள் இரண்டு முறை விட்டுவிட்டு மூன்றாம் முறை எண்ணை அழுத்தி உள்ளே விட்டிருக்கிறாள். நான் அப்படித்தான் படித்தேன்.  கைபேசியை எடுத்து அவள் எண்ணை வரவழைத்தேன். பேச வேண்டாம் என்று மேலாளர் சொன்னது ஞாபகம் வந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அவரிடம் போய்க் காட்டினேன்.

"நம்பரு அவங்க போன்லதான அழுத்தணும்? வேற யாரும் அழுத்த முடியாதில்ல?"

"ஆமாங்க சார்."

"சென்னைல அவங்களுக்கு யாராச்சும் இருக்காங்களா?"

நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "சித்தி பையன் ஒருத்தர் இருக்காருங்க சார். ஏதோ ஆஸ்பத்திரில வேல" என்றேன்.

மறுநாள் அவளை வரச் சொன்னார்கள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் மேஜைக்குத்தான் வந்தாள். ஒரு பை நிறையச் சீத்தாப்பழம் கொண்டுவந்திருந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி கெடக்குது? ராத்திரி தூங்கலியா?" என்று கேட்டுவிட்டுப் பையை என் காலடியில் வைத்தாள். "ரெண்டு நாள்ல பழுத்துரும். அம்மா குடுத்து வுட்டுச்சு."

 அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். என்னையும்தான்.

மேலாளர் அச்சடித்த தாளை அவள் முன் நகர்த்தினார். அன்றைக்குச் சென்னையில் யாருக்குப் பாஸ்வேர்டு கொடுத்தாய் என்று கேட்டார். அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் தாளைக் கையில் எடுத்து நேரத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் சென்டர்லதாங்க சார் இருந்தேன். கரண்ட் போய்ட்ச்சு. நெட்டும் போய்ட்ச்சு. டேப்லெட்ட எடுத்துக்கினு வெளிய வராண்டாக்கு வந்து என் சிம்ல கனெக்ட் பண்ணேன்."

"அப்ப ரெண்டு தடவ ஏன் நம்பர் போடல?"

"கொழந்தைக்கு எட போட்டுகினு இருந்தோம் சார். பாஸ்வேர்ட போட்டதும் ரெண்டு தடவயும் அது கத்துச்சு, ரெண்டு கைலயும் புடிச்சிகினு இருந்தேன். போனு பைல இருந்துச்சு. அப்பாலதான் எடுத்துப் போட்டேன்."

"சரிங்க. அப்ப சென்னைன்னு ஏன் காட்டுது?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை. பரீட்சைக்குப் படிக்கையில் தெரியாத கணக்கு வந்தால் விடுதியில் இப்படித்தான் என் பக்கம் திரும்புவாள். இவளுக்குத் தெரியும், இவள் சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கைதான் இருந்தது.

"எனக்கு இன்னா சார் தெரியும்? இவளுக்குத்தான் தெரியும். சொல்லேன்டி, ஏன் அப்டி காட்டுது?"

நான் தாளைப் பார்த்தேன். "கம்ப்யூட்டரு அப்டித்தான் காட்டுது" என்றேன்.

 அவள் கேட்டதை மட்டும் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். டேப்லெட்டையும் அடையாள அட்டையையும் மேஜையில் வைத்தாள். வெளியே போகும்போது என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் அறைக்குள்ளேயே நின்றுகொண்டேன். அவள் போன பிறகு, நான்தான் அவள் கணக்கை முடக்கினேன். அதற்கு இரண்டு சொடுக்குப் போதும்.

சீத்தாப்பழப் பையை வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. மேஜைக்கடியிலேயே பழுத்து வெடித்து, பெருக்க வந்த அம்மா நாலாம் நாள் கொண்டுபோய்க் கொட்டினார்.

மலையில் பேச்சு சீக்கிரம் பரவிவிட்டது. பொம்பளைகளின் பேரை விற்றுவிட்டாள் என்று சொன்னார்களாம். பட்டியலில் இருந்தவர்கள் வேறு யாருமில்லை. அவளுடைய அண்ணிமார், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள், பக்கத்து ஊர்ப் பெண்கள். இரண்டு மாதத்தில் அவள் மலையை விட்டு இறங்கி ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

கர்ப்பிணிகளுக்கு வந்த அழைப்புகள் மட்டும் நிற்கவில்லை. புதிதாகப் பெயர் கொடுத்த பெண்களுக்கும் வந்தன. அவள் போன பிறகு சேர்ந்த பெயர்கள் வெளியே போவது எப்படி என்று அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்து மாதம் போயிற்று. அமிர்திப் பக்கம் ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். திரும்புகிற பஸ் வரவில்லை. மாலைக்குள் ஓர் ஊழியரின் முடங்கிய கணக்கைத் திறந்துவிட வேண்டியிருந்ததால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியை என் கைபேசியின் இணையத்தில் இணைத்து உள்ளே நுழைந்தேன். எண் வந்தது, அழுத்தினேன், வேலையை முடித்தேன். பஸ்ஸும் வந்தது.

திங்கட்கிழமை வழக்கம்போல் பதிவைத் திறந்தேன். சிவப்புக் குறி என் பெயருக்கு எதிரில் இருந்தது. காலையில் சந்தவாசல் அலுவலகத்திலிருந்து ஒரு வரி. பிற்பகலில் ஒரு வரி. ஊர் ஹைதராபாத்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அமிர்தி டீக்கடையில் நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டிருந்தவளை ஹைதராபாத்தில் உட்கார வைத்திருக்கிறதே என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லக்கூட வாயெடுத்தேன். வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஊர் என்ற அந்தக் கட்டத்தில் இருப்பது ஆள் உட்கார்ந்திருக்கும் ஊர் அல்ல. அந்த இணைய முகவரி எந்த ஊரில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஊர். கைபேசி கம்பெனிகள் பல மாவட்டத்துப் போக்குவரத்தை ஏதாவது ஒரு பெருநகரத்தின் வழியாகத்தான் வெளியே விடுகின்றன. மலைமேல் சிம்மைப் போட்டாலும் சென்னை என்று காட்டும், ஹைதராபாத் என்று காட்டும். உதவிப் பக்கத்தில் இது எழுதியே இருந்தது. இடம் தோராயமானது, கைபேசி இணைப்பில் தவறலாம் என்று. அந்தப் பக்கத்தை நான் முன்பே படித்திருக்கிறேன். படித்து, தாண்டிப் போயிருக்கிறேன்.

பழைய வரிகள் அமைப்பில் இல்லை, ஒரு மாதத்துக்கு மேல் தங்காது. ஆனால் ஆதாரம் என்று நான் இறக்கி வைத்த கோப்பு இருந்தது. அதைத் திறந்து வலதுபுறமாக நகர்த்திக்கொண்டே போனேன். அச்சடித்தபோது தாளில் இடம் போதாமல் நான் விட்டுவிட்ட பகுதி அது. அங்கே எந்தக் கருவியிலிருந்து நுழைந்தார்கள் என்று ஒரு நெடுவரிசை. வேலூர் வரிக்கும் மூன்று சென்னை வரிகளுக்கும் ஒரே கருவி எண். மலை நிலையத்து டேப்லெட். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அடுத்த நாள் மலைக்குப் போனேன். நிலையத்துச் செவிலியர் தடுப்பூசிக் குளிர்பெட்டியின் குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தார். கரண்ட் போகும்போதெல்லாம் அதில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தேதியில் பதினொன்று ஐந்துக்கு மின்சாரம் நின்றது என்று இருந்தது. எடைப் பதிவேட்டில் பதினொன்றே காலுக்கு ஒரு குழந்தையின் எடை, அவளுடைய உருண்டைக் கையெழுத்தில்.

"அன்னிக்கு நானும் கூடத்தாம்மா இருந்தேன்" என்றார் செவிலியர். "அந்தக் கொழந்த எடமேடைல நிக்காம வீல்வீல்னு கத்துச்சு. அவதான் கட்டிப் புடிச்சிகினு இருந்தா. யாராச்சும் வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. யாருமே கேக்கலியே."

எல்லாவற்றையும் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"முடிஞ்சி போன விஷயம்மா. இப்பக் கெளறினா டிரஸ்ட்டுக்குத்தான் கெட்ட பேரு."

"அவளுக்குக் கெட்ட பேரு வந்துடுச்சேங்க சார்."

அவர் தாளை மடித்து இழுப்பறையில் போட்டார். அவள்மேல் குற்றமில்லை என்று கடிதம் தராவிட்டால் நான் எழுதியதை நானே மலையில் படித்துக்காட்டுவேன் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஒரு வாரம் கழித்து மூன்று வரியில் கடிதம் வந்தது. பதிவுகள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டன, அவர்மேல் குற்றம் இல்லை, வருந்துகிறோம்.

அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்று கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வா கண்ணு. எத்தினி மாசம் ஆச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊரே அவள அப்டி பேசுச்சு. சொந்தக்காரங்ககூட பேசல. நீ ஒருத்திதான் அவளுக்குன்னு அங்க பேசினியாமே. அவதான் சொன்னா."

 சாமைச் சோறும் கீரைக் குழம்பும் போட்டார். சாப்பிட்டேன். முகவரி எழுதிய தாளை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பஸ் நிலையத்தில் அவளைச் சந்தித்தேன். மெலிந்திருந்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. கடிதத்தைக் கொடுத்தேன். அமிர்தியில் நடந்ததையும், கருவி எண்ணையும், குளிர்பெட்டிக் குறிப்பேட்டையும் ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"இத இன்னா பண்றது? வூடு வூடா போயி காட்டணுமா?"

"நான் போறேன்டி. நான் போயி எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"அன்னிக்கு நான் இதயேதான சொன்னேன்? கரண்ட் போச்சு, வெளிய வந்தேன், கொழந்தயப் புடிச்சிகினு இருந்தேன். ஒரு வார்த்த மாத்தல. இப்ப கம்ப்யூட்டரு சொல்லவும் நம்புற."

"தப்புதான்டி."

"உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம். அது போதும் எனக்கு."

  நான் உனக்காகப் பேசினேன் என்று அம்மாவிடம் ஏன் சொன்னாய் என்று கேட்டேன். அவள் எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்தபடி பேசினாள்.

"எனக்குன்னு ஒரு ஃப்ரெண்டு இருந்தா. வேலையும் போச்சு, ஊரும் போச்சு, அவளும் இல்லன்னு அம்மாகிட்ட எப்டி சொல்றது? அழும். அதான் அவ இருக்கான்னு சொல்லி வெச்சேன்."

அழுதது நான்தான். அவள் அழவில்லை. கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இனிமேல் வராதே என்று கோபமில்லாமல் சொல்லிவிட்டு கம்பெனி விடுதிக்கு நடந்தாள். கூப்பிட்டால் திரும்புவாளோ என்று தோன்றியது. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

சொன்னபடி மலைக்குப் போனேன். கர்ப்பிணிகள் வரும் நாளாகப் பார்த்து நிலையத்தின் வராண்டாவில் நின்று, அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை, கணினிப் பதிவைப் படிக்கத் தெரியாமல் படித்தது நான் என்று சொன்னேன். நாலு நிலையங்களில் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். சிலர் எடை பார்க்க நேரமாகிறது என்றார்கள். ஒரு பெண் மட்டும், "அவ எங்க மாமன் மவதான். நாங்க அவளுக்குத் தண்ணிகூட குடுக்கல" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பட்டியல் எப்படி வெளியே போனது என்பது கடைசிவரை தெரியவே இல்லை. அறக்கட்டளை அவளைத் திரும்ப அழைத்துக் கடிதம் அனுப்பியது. அவள் பதில் போடவில்லை.

கடைசியாக அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா அன்றைக்கும் அதே அன்போடு வா கண்ணு என்றார். தண்ணீர் கொண்டுவந்தார். சொம்பை வாங்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கணினியைப் பார்த்துச் சொன்னவள் நான், அறையில் கூடவே நின்றவள் நான், சென்னையில் சித்தி மகன் இருப்பதைச் சொன்னதும் நான்தான்.

 சொம்பு அவர் கையிலேயே இருந்தது.

"எங்கிட்ட அவ சொல்லவே இல்லியே" என்றார்.

அப்புறம் மலைப்பாதையின் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தாமல், "பஸ்ஸு வர்ற நேரம். கெளம்பும்மா" என்றார்.

பஸ் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. எழுந்து நடந்தேன்.